திண்டிவனத்துத் தண்ணீர்த்தொட்டிக் கொலை

கொலை செய்கிறவர்களைப் போல அன்பானவர்களை நான் பார்த்ததில்லை. (காகிதத்தில் செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன். மற்ற வகையோடு எனக்குப் பழக்கமில்லை.)

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விழுப்புரத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி வளர்மதிக்கு தர்மபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. மகளையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு முறை வருவார்கள். மீதி நாட்களில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மாடி அறையில் நானும் ஒரு பல்லியும் குடியிருந்தோம். பல்லியாவது நான் பேசினால் எப்போதாவது பதில் சொல்லும்.

வளர்மதி தினமும் போன் செய்வாள். காஸை மூடினீர்களா, மோட்டாரை நிறுத்தினீர்களா, கதவைப் பூட்டினீர்களா. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்க மாட்டாள். "உங்க உடம்பப் பார்த்தப்புறமும் அந்தக் கேள்வி வேணுமா?" என்பாள். (நியாயம்தான். இந்த உடம்பு பின்னால் கதையில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தனிமைக்கு மருந்தாக நான் துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தேன். புனைபெயர் 'கழுகு'. என் கதைகளைப் பத்திரிகைகள் படித்தனவா என்று தெரியாது, ஆனால் பத்திரமாகத் திருப்பி அனுப்பின. அப்போதுதான் 'பிணவறை நண்பர்கள்' என்ற இணையக் குழு கிடைத்தது. என்னைப் போலவே க்ரைம் கதை எழுதும் பதினைந்து இருபது பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை. எல்லாம் செல்போனில் தட்டச்சுதான். கோயம்புத்தூர் சௌந்தரம் அக்கா கதைக்குக் கதை யாரையாவது புடவையால் நெரித்துக் கொன்றுவிட்டு, "கொஞ்சம் இருங்க, குக்கர் சத்தம் போடுது" என்று எழுதிவிட்டு எழுந்து போவார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு மாலை யாராவது ஒருவர் ஒரு பிணத்தைப் போடுவார். மற்றவர்கள் கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு விதி. விபத்து, வியாதி, வயசாகிவிட்டது என்றெல்லாம் சப்பையாக விடை சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு வாரம் குழுவில் வாயைத் திறக்கக் கூடாது. இப்படிப் பழகிப் பழகி, பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூட அவர் மனைவியை நான் சந்தேகமாகப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தக் குழுவில் எனக்கென்று கிடைத்த நண்பர் திண்டிவனம் ஞானப்பிரகாசம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்பதால் அவருடைய கொலைகள் எல்லாமே விஷம். "பாயசத்துல கலக்கறதா இருந்தா முந்திரி கூடப் போடுங்க கழுகு சார், சாகறவன் சந்தோஷமா சாகட்டும்" என்று எழுதுகிற மனிதர். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பேருந்தில் எனக்குக் கல்கல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பும் முறுக்கும் அனுப்பிவைத்தார். தினமும் இரவு எட்டு மணி ஆனால் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும்: "சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். நான் "ஆச்சு சார், நீங்க?" என்பேன். "ஆச்சு" என்பார். அந்த இரண்டு வரிக்காக நான் எட்டு மணிவரை சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு 'ஆச்சு' என்று சொல்வதைவிட, கேட்ட பிறகு போய்ச் சாப்பிடுவது கொஞ்சம் விருந்து மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவர், "மகன் துபாயிலேருந்து வந்திருக்கான். வாசல்ல புதுசா தண்ணித்தொட்டி கட்டறான்" என்று எழுதினார். மறுநாள் எட்டு மணிக்குச் செய்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நானே "நலமா சார்?" என்று கேட்டேன். "நலம்" என்று பதில் வந்தது. ஒரே வார்த்தை! பாயசத்துக்கு முந்திரிக் கணக்குச் சொல்கிற மனிதர்! சோதித்துப் பார்க்கலாம் என்று, "என் கதையில் ஒரு மாமியாரைக் கொல்ல வேண்டும், என்ன விஷம் சார்?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றது போன்.

உடனே குழுவில் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது, தோன்றுவதற்கு எங்களிடம் வேறு பதிலும் இல்லை. ஆளைத் தீர்த்துவிட்டார்கள், அவர் போனை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

"ஏனுங்க கழுகு, தொட்டி கட்டுறாங்கன்னு சொன்னாருங்களே?" என்று எழுதினார் சௌந்தரம் அக்கா. "அதுக்கு மேல நான் சொல்லோணுமுங்களா?"

முதல்முறையாக அவர் எண்ணுக்கு நிஜமாகவே போன் போட்டேன். ஒரு பெண் குரல், "அவரு படுத்துக்கினு இருக்காருங்க" என்று சொல்லி வைத்துவிட்டது. எங்கே படுத்திருக்கிறார் என்று சொல்லவில்லை பாருங்கள்!

போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். என் எல்லாக் கதைகளிலும் போலீஸ்காரர்களை முட்டாள்களாகத்தான் எழுதியிருந்தேன். எந்த முகத்தோடு போவது?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். கடை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிய காக்கிச்சட்டை (வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் சேரவில்லை), ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ். கொசுப்புழு பார்க்க வரும் ஆள் வேஷம். தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்று குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. முறுக்குப் பார்சலில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே, தரைக்குள் புதைத்துக் கட்டிய புத்தம்புதுத் தொட்டி. சிமென்ட் நிறம்கூட மாறவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் கையில் கரண்டியோடு வந்தாள். மீன் வறுக்கும் வாசனை. (கொலை நடந்த வீட்டில் மீன் வறுவல்! என்ன நெஞ்சழுத்தம்!)

"இன்னாங்க வேணும்?"

"கொசுப்புழு பார்க்கணும். தொட்டியைத் திறங்க."

"நேத்துதானே ரெண்டு பொம்பளைங்க வந்து பாத்துட்டு சுவத்துல எழுதிட்டுப் போனாங்க?"

"அது நேத்துப் புழும்மா."

"இன்னைக்கு வேற புழுவா?"

"வீட்டுல பெரியவர் யாரும் இல்லையா?" என்றேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"மாமா படுத்துக்கினு இருக்காரு. எழுப்பக் கூடாது."

அதே குரல். அதே வாக்கியம்.

நானே இரும்பு மூடியை நகர்த்தினேன். தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். அடியில், இடுப்பளவுத் தண்ணீரில், ஏதோ வெளிறிய துணி மாதிரி மிதந்தது. (கொத்தனார் விட்டுப்போன சிமென்ட் சாக்கு என்று பிறகு தெரிந்தது.) இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். தோள் நுழைந்தது. வயிறு பாதி நுழைந்தது. மீதி நுழையவும் இல்லை, நுழைந்தது வெளியே வரவும் இல்லை. டார்ச் கைநழுவி விழுந்து இருட்டானது.

"ஞானப்பிரகாசம் சார்!" என்று அலறினேன்.

"சார்... சார்..." என்றது தொட்டி. எனக்கு அவரே பதில் சொல்வதுபோல இருந்தது. அப்படியே தலைகீழாக அழ ஆரம்பித்தேன். தலைகீழாக அழுதால் கண்ணீர் நெற்றிப் பக்கமாகப் போகும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

மேலே காலடிச் சத்தங்கள் கூடின. "யோவ், யார்யா நீ? எங்கப்பா பேரைச் சொல்லி தொட்டிக்குள்ள இன்னாத்துக்கு கத்திக்கினு இருக்க?" என்றது ஓர் ஆண் குரல். மகன்!

"திருடனா இருக்கும் சேவியரு" என்று மகனிடம் சொன்னது இன்னொரு குரல்.

"தலைகீழா நின்னுக்கினு எவனாவது திருடுவானா? காலைப் பிடிச்சி இழுங்கய்யா ஜல்தி. பெரிய பேஜாரா பூடுச்சு."

இழுத்தார்கள். கால் நீண்டதே தவிர நான் வரவில்லை. அப்போது நிதானமான வேறொரு குரல் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

"விடுங்கடா, மனுஷனைப் பிச்சிடப் போறீங்க. பாவம், உச்சி வெயில்ல வந்திருக்காரு." குரல் தொட்டி வாய்க்கு அருகில் குனிந்தது. "ஏங்க, சாப்பிட்டீங்களா?"

உலகத்தில் இதை இப்படிக் கேட்க ஒரே ஒருத்தர்தான் உண்டு.

"இல்ல சார்" என்றேன் தண்ணீரைப் பார்த்து. "நீங்க?"

குரல் இன்னும் கிட்டே வந்தது. பிறகு, "கழுகா?" என்றார்.

இடுப்பில் தேங்காயெண்ணெய் தடவி என்னை வெளியே எடுத்தார்கள். எதிரே ஞானப்பிரகாசம். ஒல்லியான உருவம், கறுப்புக் கண்ணாடி, அதற்குள் ஒரு கண்ணில் பச்சைத் துணி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கழுகுன்னா கொஞ்சம் சின்ன சைஸா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

கண்புரை ஆபரேஷன். போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லாதான் தட்டச்சு செய்திருக்கிறாள்.

"ஆபரேஷன்னு சொல்லச் சொன்னாரு. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு வீட்டு நோவு எதுக்குன்னு நலம்னு போட்டேன். விஷம் பேர் ஏதோ சொன்னாரு, பயந்துக்கினு தெரியாதுன்னு போட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம் தினம் எட்டு மணி ஆனா, அவரு சாப்பிட்டாரான்னு கேளும்மா, கேளும்மான்னு ஒரே தொந்தரவு. பசிச்சா சாப்பிட மாட்டாங்களா, ஒரே கேள்வியை இன்னாத்துக்கு தினம் தினம் கேக்கறதுன்னு அதை மட்டும் விட்டுட்டேங்க."

ஆக, அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறார். நான் எண்ணெய்ச் சட்டையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தொட்டித் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அடியில கிடக்கிற தண்ணி எப்படிங்க கண்ணுல தெறிக்கும் என்று யாரும் துப்பறியவில்லை.

மீன் வறுவலோடு சாப்பாடு போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானப்பிரகாசத்திடம், "ஏன் சார் தினமும் அதையே கேக்கறீங்க?" என்றேன்.

"இந்த வீட்டுல சோறு கேக்காமலே வந்துடும் சார். குறை சொல்லக் கூடாது. கேள்விதான் வராது" என்றார் மெதுவாக. "நான் கேட்டாத்தானே நீங்க திருப்பிக் கேப்பீங்க?"

மாலையில் குழுவில் எல்லோரும் காத்திருந்தார்கள். "கொலைகாரன் ஆருங்க?" என்றார் சௌந்தரம் அக்கா. "கண்புரை" என்று எழுதினேன். வியாதியை விடையாகச் சொன்னதால், விதிப்படி ஒரு வாரம் வாய்மூட வைத்தார்கள்.

வளர்மதியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எட்டு மணிக்குப் போன் வரும்: "சாப்பிட்டீங்களா? கேட்டுட்டேன். எந்தத் தொட்டியையும் எட்டிப் பார்க்க வேணாம்." மகள் தன் திருமணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் சொன்ன எச்சரிக்கை இதுதான்: "எங்கப்பா போன் பண்ணா உடனே எடுத்துடுங்க. இல்லன்னா காக்கிச்சட்டை போட்டுக்கினு வந்துடுவாரு."

சில வருடங்கள் கழித்து ஞானப்பிரகாசம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். விஷம் இல்லை, மர்மம் இல்லை, எங்கள் விதிப்படி செல்லாத மரணம். அடக்கத்துக்குப் போய்விட்டு விழுப்புரம் அறைக்குத் திரும்பினேன். வளர்மதியின் போன் வந்து போயிற்று. விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பல்லியும் பேசவில்லை.

போன் வெளிச்சமானது. அவருடைய எண்.

"சாப்பிட்டீங்களா?"

செத்தவர் போனிலிருந்து செய்தி. கதையில் என்றால் இந்த இடத்தில் நான் 'தொடரும்' போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "இல்லம்மா ஸ்டெல்லா. நீ?" என்று எழுதினேன்.

"இனிமேதான் மாமா. எழுந்து போயி சாப்பிடுங்க. போற வழியில தொட்டி கிட்டி இருந்தா எட்டிப் பாக்காதீங்க."