மேற்படியார் பேசிய அரசாங்கத் தமிழ்

சுவிட்சர்லாந்தின் வில் நகரத்தில் என் காலத்தில் தமிழ் பேசிய அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, இலக்கணப் பிழை விடாதவர் கையை உயர்த்துங்கள் என்று சொன்னால் ஒரேயொரு கைதான் உயரும். அது வெள்ளைக்காரக் கை. காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற ஒரு சுவிஸ்காரரின் கை.

தமிழில் அவர் ஒரு மனிதனுக்கு மறியல் தண்டனை விதித்துச் சிறைக்கு அனுப்புவார். சாராயக் குத்தகையை ஏலத்தில் விடுவார். வாந்திபேதி பரவிய துறைமுகத்தை இழுத்து மூடுவார். ‘பசிக்குது’ என்று சொல்ல மட்டும் தெரியாது.

இலங்கையில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நான் ராசன் அண்ணையின் தமிழ்ப் பலசரக்குக் கடையில் அரைநாள் வேலைக்கு நின்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெலிந்து உயர்ந்த ஒரு கிழவர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கடை நடுவில் நின்று உரத்துச் சொன்னார்.

“இதனால் சகலருக்கும் அறியத்தருவதாவது: எனக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் வேண்டியிருக்கிறது.”

மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிலையானார்கள். பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்த ராசன் அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. உணவுப் பரிசோதகர் வந்துவிட்டார் என்று நினைத்து, லேபிள் ஒட்டாத வடகப் பெட்டியைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் எறிந்தார்.

“தங்கச்சி,” என்றார் காதுக்குள், “உவங்கள் இப்ப தமிழும் படிச்சிட்டெல்லோ வாறாங்கள்!”

நான் கத்தரிக்காயை நிறுத்தேன். கிழவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “மேற்படி கத்தரிக்காயில் துவாரம் காணப்படுகிறது. மேற்படி துவாரத்தில் புழு குடியிருக்கிறதா?”

அன்று மாலைக்குள் ஊர் முழுக்க அவருக்குப் பெயர் மேற்படியார்.

அவர் இந்தத் தமிழை எங்கே பிடித்தார் என்பது மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது. ஒரு பழைய சாமான் சந்தையில், இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த யாரோ ஒரு சுவிஸ்காரரின் பெட்டி அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குள் ஒரு தடித்த புத்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசாங்கம் இலங்கைச் சனங்களுக்கு விட்ட அறிவித்தல்களைச் சேர்த்துக் கட்டியது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். மனைவி இறந்து, ஓய்வும் பெற்று, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கத்துக்குள் இறங்கிவிட்டார். ஏழு வருடம். வேறு தமிழ்ப் புத்தகம் எதையும் தொடவில்லை.

ஆகவே அவருக்குத் தெரிந்ததெல்லாம் தெருவரி, ஆயத்துறை, உப்புப் பண்டகசாலை, தபால் ஓட்டக்காரன், ஏசண்டர் துரை. யாரின் காலையாவது மிதித்துவிட்டால், “குற்றம் ஒப்புக்கொள்ளப்படுகிறது” என்பார். தள்ளுவண்டியில் குழந்தையைக் கண்டால் குனிந்து, கொஞ்சும் குரலில், “இப்பிள்ளைக்கு அம்மைப்பால் குத்தப்பட்டதா?” என்று கேட்பார். கேட்ட தாய்மாரில் பாதிப் பேர் பயந்துபோய் ஊசி அட்டையை எடுத்துக் காட்டினார்கள்.

அவரைத் திருத்த நாங்கள் முயலவில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. ‘வாறன்’, ‘போறன்’ என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், அடுத்த கிழமை கவலையோடு வந்தார். “நீர் சொன்ன சொற்கள் புத்தகத்தில் எவ்விடத்திலும் இல்லை. இவை சட்டப்படி செல்லுமா?”

ராசன் அண்ணைக்கு மட்டும் அவரால் ஒரு லாபம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்காமல் வாங்கத் தெரியாது. மாலையானால் பெட்டி நிறைய மூக்கறுந்த வெண்டிக்காய்தான் கிடக்கும். அண்ணை கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார். கடைசியில் மேற்படியாரிடம் ஒரு அறிவித்தல் எழுதித் தரச் சொன்னார். அவர் வலு சந்தோசமாக எழுதினார்:

“யாதாமொருவர் மேற்படி வெண்டிக்காயின் நுனியை வேண்டுமென்று முறித்ததாக ரூபிக்கப்பட்டால், அவர் ஐந்து ரூபாய்க்கு மேற்படாத குற்றப்பணத்துக்காவது, பதினான்கு நாளுக்கு மேற்படாத கடூழிய மறியலுக்காவது, அல்லது இவ்விரண்டுக்குமாவது உள்ளாவார்.”

அதற்குப் பிறகு ஒரு வெண்டிக்காய் முறியவில்லை. அறுபது வருடத்துக்கு முன் செத்துப்போன அரசாங்கத்துக்கு எங்கள் சனம் அப்படிப் பயந்தது.

பக்கத்துத் தெருப் பிள்ளை பெரியபிள்ளையாகி நடந்த சாமத்திய வீட்டுக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். யாரோ விளையாட்டாக மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, “இற்றைத் தினம் முதல் மறு உத்தரவு வரும்வரை இப்பிள்ளை சந்தோஷமாயிருக்கக்கடவது” என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். காலையிலிருந்து நகையின் பாரத்தில் உம்மென்று இருந்த பிள்ளை வெடித்துச் சிரித்தாள். அந்த வீடியோவில் அவள் சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். யோகன் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். யோகனுக்கு நாற்பது வயதிருக்கும். வன்னியில் வயல் செய்தவர். யுத்தத்தின் கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, தனியாக வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டார்.

“ஐயா, உது எங்களை ஆண்டவங்கட பாஷை. வரி கட்டு, தெரு வெட்டு, இல்லாட்டி மறியலுக்குப் போ. உதைப் பாடமாக்கி உங்களுக்கு என்ன இன்பம்?”

மேற்படியார் கோபிக்கவில்லை. “புத்தகத்தில் அரசாங்கம் மாத்திரம் பேசுகிறது. சனங்கள் என்ன மறுமொழி சொன்னார்கள் என்று எழுதப்படவில்லை. அதை அறியும்பொருட்டு இக்கடைக்கு வருகிறேன்.”

யோகன் வாங்கிய பாணை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து யோகன் ஒரு கடிதத்தோடு வந்தார். வாசித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார். அகதிக் கந்தோர் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தது. சொந்த ஊர் என்று அவர் சொன்ன ஆமைகிடந்தகுளம் எந்த வரைபடத்திலும் இல்லையாம். ஆகவே அவர் சொன்ன மற்றதையும் நம்ப முடியாதாம். மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.

“நான் பிறந்த ஊர் இல்லையாம், அக்கா,” என்றார்.

பருப்புத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “மேற்படி ஊர் இருக்கிறது.”

யோகன் திரும்பினார்.

“மாட்டு வியாதி பற்றிய அறிவித்தல்,” என்றார் மேற்படியார். “வன்னியின் சில ஊர்களிலிருந்து உத்தரவுச் சீட்டில்லாமல் மாடுகளைக் கொண்டுபோகக்கூடாது. மேற்படி ஊர் அதில் எழுதப்பட்டிருக்கிறது.”

நான் துள்ளிக் குதித்தேன். புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் அசையவில்லை. அப்போதுதான் அவருக்குள் இருந்த காணிப் பதிவுக்காரரை முதன்முதலாகக் கண்டேன். புத்தகத்தை யோகன் முதலில் பார்த்துவிட்டால், பார்த்துச் சொன்னார் என்றுதான் கந்தோர் சொல்லும். முதலில் வாக்குமூலம், பிறகுதான் புத்தகம்.

கடையின் பின்னறையில், மாப் பைகளுக்கு நடுவில் விசாரணை நடந்தது. நான் எழுதுவினைஞர். ராசன் அண்ணை சாட்சி.

“முதலாம் வினா. குளத்தின் அணைக்கட்டு எத்திசையில் உள்ளது?”

“இதென்ன, இன்னொரு விசாரணையோ?” என்று யோகன் எழுந்துவிட்டார். ராசன் அண்ணை தோளில் கை வைத்து இருத்தினார். “சொல்லடாப்பா. உந்தாள் ஆரையும் திருப்பி அனுப்பாது.”

“வடக்காலை,” என்றார் யோகன் வேண்டாவெறுப்பாக.

“இரண்டாம் வினா. உமது ஊரிலிருந்து வண்டிப் பாதையில் கிழக்கே சென்றால் வரும் ஊர்கள் எவை? வரிசைப்படி.”

யோகன் கண்ணை மூடினார். “சின்னப்பாலையடி. அங்காலை உடைஞ்சமடு. பேந்து கூழாவெளி. கூழாவெளியில ஒரு மதகு இருக்கு. மாரியில வண்டில் போகாது. அப்பா மாட்டை அவிட்டுப்போட்டு...” பிறகு யாரும் வினாக் கேட்கவில்லை. அவராகவே முக்கால் மணிநேரம் சொன்னார். எந்த வயலில் எந்த நெல், எந்த மரத்தில் தேன் எடுத்தது, யார் வீட்டு நாய் கடிக்கும். என் விரல் நொந்துபோயிற்று. ஒன்றையும் விடவில்லை. முடிவில் எல்லாரும் கையெழுத்து வைத்தோம். ராசன் அண்ணை கடை முத்திரையையும் மூன்று இடத்தில் குத்தினார்.

அதன்பிறகு மேற்படியார் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார். விரலை வைத்து வாசித்தார்.

“ஆமைகிடந்தகுளம். சின்னப்பாலையடி. உடைஞ்சமடு. வேலன்குடியிருப்பு. கூழாவெளி.”

ஒன்று கூடுதல். வேலன்குடியிருப்பை யோகன் சொல்லவில்லை. யோகன் நெற்றியைச் சுருக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அங்க இப்ப ஆக்கள் இல்லை. எங்கட அப்பா காலத்திலயும் இல்லை. இடிஞ்ச வைரவர் கோயில் ஒண்டுதான் நிக்குது. வேலன்காடு எண்டு சொல்லுவம். ஏன் வேலன் எண்டு எங்களுக்குத் தெரியாது.”

மேற்படியார் புத்தகத்தையும் யோகனையும் மாறி மாறிப் பார்த்தார். அரசாங்கம் பேசியதற்கு, அவ்வளவு காலம் கழித்து, ஒருவர் மறுமொழி சொல்லிவிட்டார்.

சட்ட உதவி நிலையத்தில் இருந்த இளம் வழக்கறிஞப் பெண், மாட்டு வியாதி அறிவித்தலை வைத்து வாதாடுவேன் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றாள். மேற்படியார் தன் மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். அதன் தொடக்கத்தில் ‘மகா கனம் பொருந்திய’ என்று ஆரம்பித்து நாலு வரி ஜெர்மன் வணக்கம் இருந்தது. அவள் வெட்டினாள். அவர் மறுபடி எழுதினார். அவள் மறுபடி வெட்டினாள். கடைசியில் ‘பொருந்திய’ மட்டும் தப்பியது என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கந்தோர் தன் முடிவை மீளப் பெற்றது. யோகனைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டது. கிட்டத்தட்ட ஒரு வருடம் சென்று வதிவிட அனுமதி வந்தது.

அட்டையோடு யோகன் கடைக்கு ஓடிவந்தபோது மேற்படியார் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, “இப்படிப்பட்ட சமயத்துக்குரிய வாசகம் எது?” என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் யோகன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வாசகமும் வேண்டாம் ஐயா. வீட்டை வாங்கோ, சாப்பிடுவம்.”

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்படியாருக்கு யோகன் வீட்டில்தான் சோறு. நாலைந்து வருடத்தில் நடை தளர்ந்தது. ஷாஃப்ஹவுசனில் இருந்த மகள் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டாள். புறப்படுகிற அன்று கடையை ராசன் அண்ணையிடம் விட்டுவிட்டு நானும் யோகனும் ஸ்டேஷனுக்குப் போனோம். புத்தகத்தை யோகனிடம் கொடுத்துவிட்டார். பெட்டியில் உடுப்பு மட்டும்தான். மேடையில் நின்று அவர் ஏதோ சொல்லத் தொப்பியைக் கழற்றியபோது ரயில் வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு ரயில் பிந்தி வந்து நான் கண்டதில்லை. அன்றைக்கு ஒருநாள், ஒரு ஐந்து நிமிடம், பிந்தி வந்திருக்கலாம்.