ஸ்டேஷனில் கேஸ் குடுத்தவன்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் கொழும்பு வெள்ளவத்தைக்காரனுக்கு அங்கே சொந்தக்காரர் இருக்கக்கூடாது. இருந்தாலும் அவர்களுக்கு டெலிபோன் எடுக்கக்கூடாது. இந்த ஞானம் எனக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தது. கொஞ்சம் பிந்தித்தான் பிறந்தது.

அப்போது நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் வேலை செய்தேன். ஜெர்மனியில் ஒரு உணவுக் கண்காட்சிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. தேயிலையை வாயில் வைத்ததும் எந்தத் தோட்டம் என்று சொல்லக்கூடியவன் என்பதால் என்னைத் தெரிவு செய்தார்கள். (சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.) சிக்கல் என் பெயரில்தான் இருந்தது. சண்டைக் காலத்தில் தமிழ்ப் பெயரோடு ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறவன் திரும்பி வருவான் என்று எந்தத் தூதரகமும் நம்பாது. கடைசியில் எங்கள் மனேஜர் விக்டர், "இவன் வருவான், நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார். நான் வராவிட்டால் அவரும் வேலைக்கு வரத் தேவையில்லை என்று டைரக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

புறப்படும் அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டது ஒன்றுதான். "மல்லி, ஆபஹு எனவா நேத?" தம்பி, திரும்பி வருவாய்தானே என்று அர்த்தம். என் தலையில் நானே கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

கண்காட்சி கோல்ன் நகரத்தில். பிறகு பாரிசில் ஒரு வியாபாரி, அம்ஸ்டர்டாமில் ஒரு வியாபாரி, இடையில் எல்லாம் ரெயில். கம்பனிச் செலவில் உலகம் பார்க்கும் என் திட்டத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கண்காட்சி முடிந்ததும் ரெயில் நிலையத்தில் பொதிகள் வைக்கும் இடத்தில் சூட்கேசைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த பெரிய தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்து, பாரிசில் இருந்த மாமாவுக்கு டெலிபோன் எடுத்தேன். மாமா அம்மாவின் தம்பி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு போனவர்.

"தம்பி, எங்க நிக்கிறாய்? கேஸ் குடுத்திட்டியோ?"

பாரிஸ்காரர் சூட்கேசைச் சுருக்கிச் சொல்வார்கள் போலும் என்று நினைத்தேன். என் பெட்டிமேல் மாமாவுக்கு எவ்வளவு கரிசனை!

"ஓம் மாமா. இப்பதான் குடுத்தனான்."

"கெட்டிக்காரன்! எங்க குடுத்தனீ?"

"ஸ்டேஷனில."

"நேர ஸ்டேஷனுக்கே போனனியோ! என்ன கேட்டவங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்ல. ஒரு துண்டு தந்தவங்கள்."

"துண்டு தந்திட்டாங்களோ! கவனமடா, அதைத் துலைச்சிடாத. முடிவு எப்பவாம்?"

"முடிவென்ன மாமா, துண்டைக் காட்டினால் உடன தருவாங்களாம்."

மாமா, "உடனயோ? நாங்கள் எவ்வளவு காலம் நாய் படாப் பாடு பட்டனாங்கள்... சரி, இனி நீ இஞ்சால வரக்கூடாது. ரெயில் ஏறாத. அங்கயே நில்லு" என்றார். அத்தோடு என் டெலிபோன் அட்டை முடிந்துபோனது.

எனக்குச் சரியான கோபம். ஒரு நேரச் சோறு போட வேண்டி வரும் என்று பயந்து மருமகனையே வராதே என்கிறாரே! மாமாவின் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவெடுத்து, சூட்கேசை மீட்டுக்கொண்டு ரெயில் ஏறினேன்.

பெல்ஜியத்துக்குள் போனதும் சீருடை போட்ட ஒருவர் ரெயில் பெட்டிக்குள் வந்தார். கொழும்புச் சோதனைச் சாவடிப் பழக்கத்தில் என் மூளைக்கு முன்னால் உடம்பு எழுந்து நின்றது. பாஸ்போர்ட், அடையாள அட்டை, வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவு, மூன்றையும் நீட்டினேன். கேட்காமலே சூட்கேசைத் திறந்து, உள்ளுடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினேன். அவர் டிக்கெட் பரிசோதகர். என் டிக்கெட்டில் துளை போட்டுவிட்டு, முன்னால் இருந்த பெண்மணியிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

பாரிசில் ஐபிள் கோபுரத்தடியில் துவக்கோடு ஒரு ஆமிக்காரன் நின்றான். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். (துவக்குக்கு முன்னால் கமரா தூக்கினால் என்னவாகும் என்று கொழும்பில் எவனுக்குத் தெரியாது?) ஆகவே என் ஐரோப்பியப் பட அல்பத்தில் பெரும்பாலும் புறாக்கள். மாமாவைப் பார்க்கவில்லை. பாணும் தண்ணீரும் சாப்பிட்டு ரோஷத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அம்ஸ்டர்டாம் போய் அங்கிருந்து விமானம் ஏறினேன்.

வெள்ளவத்தையில் கதவைத் திறந்த அம்மா "ஐயோ!" என்று கத்தினார். "பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டாங்களோடா?"

"ஆர் பிடிக்கிறது? நானாத்தான் வந்தனான்."

"நீயாவே வந்தனியோ? உனக்கென்ன விசரோ?"

என் கட்டிலில் வவுனியாவிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன் படுத்திருந்தான். என் சேர்ட்டையும் போட்டிருந்தான். தங்கச்சிதான் விளங்கப்படுத்தினாள். புலம்பெயர்ந்தவர்களின் தமிழில் கேஸ் என்றால் அகதி விண்ணப்பமாம். ஸ்டேஷன் என்றால் எங்கள் எல்லோருக்கும் பொலிஸ்தானே! கேஸ் கொடுத்தவன் அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாதாம்; அதுதான் மாமா ரெயில் ஏறாதே என்றது. கேட்ட உடனேயே ஜெர்மன்காரன் அகதித் துண்டு கொடுத்த அதிசயத்தை மாமா உலகம் முழுக்க அறிவித்திருந்தார். அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, ஒழுங்கை முழுக்கக் கற்கண்டு கொடுத்திருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "இந்தக் கிழமைதானடா நான் நிம்மதியா நித்திரை கொண்டனான். ஆமி ஜீப் சத்தம் கேட்டாலும் எழும்பேல்ல" என்று சொல்லி அழத் தொடங்கினார். மகன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததற்கு ஒரு தாய் அழுததை நான் அன்றுதான் கண்டேன். வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

சிரித்து முடித்த தங்கச்சி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, நீங்கள் இனி வரமாட்டீங்கள் எண்டு ஒஃபிசுக்கும் சொல்லிப்போட்டன்."

விழுந்தடித்துக்கொண்டு கோட்டைக்கு ஓடினேன். விக்டர் தன் மேசை லாச்சியைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "மல்லி ஆவா!" என்று கட்டிப்பிடித்தார். தம்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். டைரக்டர்மாரின் அறைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கொழும்பு முழுவதிலும் நான் திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பயணம் போய்விட்டேன். கண்டிக்குப் போகப் பெட்டி அடுக்கினாலும் தங்கச்சி வாசலில் வந்து நின்று, "அண்ணா, இந்த முறையாவது கேஸைச் சரியான ஸ்டேஷனில குடுங்கோ" என்பாள். வீடே சிரிக்கும். அம்மா மட்டும், "சும்மா இரடி, அவன் குடுத்தாலும் குடுப்பான்" என்பார்.