கதவைச் சாத்திவிட்டுச் செய்த இறால் காக்டெய்ல்

கிரிம்ஸ்பி,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

என் வாத்துக்குட்டி ரெஜ்,

நான் சுகம்தான். நீ போன இடத்தில் மாடிப்படி இருக்காது, முழங்கால் வலியும் இருக்காது என்று நம்புகிறேன். மார்ச்சில் உன்னைப் புதைத்ததோடு என் அழுகை தீர்ந்தது என்றிருந்தேன். நேற்று இறால் காக்டெய்ல் செய்யப் போய், உன்மேல் வந்த கோபத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

உன் அக்கா டோரீன் போன வாரமே போனில், "இந்த வருஷம் அதெல்லாம் வேணாம் ஐவி, ரெஜ் பண்ற மாதிரி வராது" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தேழு கிறிஸ்துமஸ் நம் மேசைக்கு முதலில் வந்தது, குளிர்ந்த இறாலைச் சாஸில் புரட்டி வைத்த உன் கிண்ணம்தான். நாற்காலி காலியாக இருந்தால் இருக்கட்டும், கிண்ணமும் வராவிட்டால் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்றாகிவிடும். செய்தே தீருவேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எப்படிச் செய்ய? வருஷா வருஷம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "உள்ள வராத, ரகசியம்" என்பாயே, அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? கால் வைத்த கண்ணாடிக் கிண்ணங்களைக் கூட வீடெல்லாம் தேடினேன், கடைசியில் உன் கொட்டகையில் கிடைத்தன, ஒன்றில் திருகாணி, ஒன்றில் ஆணி, ஒன்றில் பச்சை பெயின்ட்டில் காய்ந்துபோன பிரஷ். மூன்றையும் சலவை சோடா போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நகம் பச்சையானதுதான் மிச்சம்.

மீன்கடை லென்னிடம் போனால் அவன் சிரிக்கிறான். "என்ன கண்ணு, இறால் கம்பெனில இருபது வருஷம் உரிச்சவ நீ, என்கிட்ட வந்து கேக்குற?" உரிக்கத்தான் தெரியும், அலங்கரிக்கத் தெரியாது என்றேன். "ஐஸ் தானா கரையட்டும், அவசரப்பட்டு வெந்நீர்ல போட்ராத" என்று சொல்லி அனுப்பினான். பன்னிரண்டு மணிக்கும் கல்லாகவே கிடந்தால் நான் என்ன செய்ய, வெந்நீரில் போட்டேன், சுருங்கிச் சட்டைப் பித்தான் அளவுக்கு ஆகிவிட்டது. மயோனைஸில் தக்காளி சாஸ் ஒரு கரண்டி என்று பாட்டிலைத் தட்டினால் பாதி பாட்டில் சரிந்தது, அதைச் சரிக்கட்ட மயோனைஸ், அது போதாமல் சாலட் கிரீம், கடைசியில் நம் பழைய குளியலறைச் சுவரின் ரோஸ் நிறத்தில் ஒரு வாளி நிறைய நிற்கிறது.

டோரீன் வந்தாள், கிறிஸ்துமஸ் காகிதக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "என்னடி இது, சின்னம்மைக்குத் தடவுற மருந்தா?"

"சாப்பிட்டுட்டுப் பேசு."

"இதுல இறால எங்கன்னு தேடுறது, பூதக்கண்ணாடி இருக்கா?"

அந்த நேரம் பார்த்து, கிண்ணத்து விளிம்பில் தொங்கவிட்ட தலையோடு கூடிய இறால் வழுக்கி அவள் மடியில் விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் டிவியில் ராணியின் கிறிஸ்துமஸ் பேச்சு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

உன் கிண்ணத்தை உன் இடத்தில் வைத்தேன். நீ இருந்தால் உன் இறாலில் பாதியை, "உனக்குத்தான் பிடிக்குமே" என்று என் கிண்ணத்தில் தள்ளியிருப்பாய். தள்ள ஆள் இல்லை. ஆனாலும் என் கிண்ணம் முழுதையும் வழித்துச் சாப்பிட்டேன். அடுத்த வருஷம் இதைவிட நன்றாகச் செய்வேன், நீ கவலைப்படாதே.

டோரீன் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். கழுத்தில் மப்ளர் இல்லாமல் அங்கே சுற்றாதே. ஆண்டவன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
ஐவி

பின்குறிப்பு: அடுத்த வருஷம் செய்வதாக எழுதியதை அடித்துவிடு. நேற்றைய பாத்திரங்களை இப்போது துடைக்கும்போதுதான் டோரீன் சொன்னாள்: "அவனுக்கு இறால் வாடையே ஆகாதுடி. மூக்கப் பிடிச்சிக்கிட்டுப் பண்றத நீ பாக்கக் கூடாதுன்னுதான் கதவச் சாத்துனான். முதல் தடவ உன்ன ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, இதச் சாப்பிட்டுப் பிரமாதம்னு சொன்னியாமே." சொன்னேன்தான். உன் தம்பியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாய், வேறு என்ன சொல்வது? நாள் பூராவும் இறால் உரித்தவள் நான், அந்த வாடை வந்தாலே எனக்குக் குமட்டும். நீ தள்ளியதையும் சேர்த்து ரொட்டியோடு மூச்சுவிடாமல் முழுங்கினேன், இருபத்தேழு வருஷம். உன் கிண்ணத்தைப் பூனைக்கு வைத்தேன், அதுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்படியானால் இத்தனை வருஷம் இதை யாருக்காகத்தான் செய்துகொண்டிருந்தோம், வாத்துக்குட்டி?