கண்ணாடிக் காசு

வீட்டில் பொய் சொல்வதில்லை என்று கிளமென்ற் எப்போதோ முடிவெடுத்திருந்தார். உண்மையில் பாதியைச் சொன்னால் போதும் என்பதும் அந்த முடிவில் அடக்கம்.

ஆகவே அந்தப் புரூஃப் நாணயம் ஓர்லிகோனில் இருந்த வீட்டுக்கு வந்த அன்று, "இருபது பிராங் காசு" என்றுதான் மனைவி பெர்னடெற்றிடம் சொன்னார். காசிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. இருநூற்று நாற்பது பிராங் கொடுத்து வாங்கியதைக் காசும் சொல்லவில்லை, கிளமென்றும் சொல்லவில்லை. சேகரிப்பவர்களுக்கென்றே மெருகேற்றிய அச்சில் அடித்த வெள்ளி அது. பின்புலம் கண்ணாடிபோல மின்னும். மலை மட்டும் பனி பூத்ததுபோல மங்கலாக நிற்கும். விரல் பட்டால் மதிப்புப் போய்விடும் என்று பிளாஸ்ரிக் கூட்டுக்குள் இருந்தது. கிளமென்ற் அதன் பக்கத்தில் தும்முவதுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பெர்னடெற் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை அஞ்சலினுக்கு முதல்நன்மை. என்வலப்போடை அந்த இருபது பிராங்கையும் வைப்பம். பிள்ளை சந்தோசப்படும்."

அஞ்சலின், பெர்னடெற்றின் தங்கை திரேசாவின் மகள்; தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கப்போகிறவள். கிளமென்ற் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் நாணயக் கடைக்கு ஓடினார். அதே ஆண்டு, அதே மலை, ஆனால் சாதாரணமாக அடித்த காசு. இருபது பிராங்குக்கே கிடைத்தது. அதற்கும் ஒரு கூடு வாங்கிப் போட்டு, வீட்டுக்கு வந்து நீட்டினார்.

பெர்னடெற் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அது இல்லை."

"அதே மலைதான். பாரும்."

"மலை கிடக்கட்டும். என்ர முகத்தைக் காணேல்லை. அதைப் பாத்துத்தானே நான் பொட்டு வைக்கிறனான்."

"தொட்டனீரோ?" கிளமென்ற் பதறிக் கேட்டார்.

"கூட்டோடைதான். பயப்பிடாதேங்கோ. அதுசரி, ரெண்டும் இருபதுதானே?"

"ஓம்."

"அப்ப எதைக் குடுத்தால் என்ன? கண்ணாடியைக் குடுப்பம். இதை நீங்கள் வைச்சிருங்கோ."

கிளமென்ற் கதிரையில் போய் இருந்தார். சொல்லாமல் வைத்திருந்த மற்றப் பாதியை இனி எடுத்தே ஆகவேண்டும்.

"பெர்னடெற், அது இருநூற்றி நாப்பது."

பெர்னடெற் கோபிக்கவில்லை. கிட்ட வந்து, கணவரின் சேட்டுக் கொலரை நேராக்கிவிட்டார்.

"தெரியும். வந்த அண்டைக்கே போனிலை படம் எடுத்துத் தேடிப் பாத்தனான்."

"பிறகேன் அதைக் கேட்டனீர்?"

"அதாலைதான் கேட்டனான். பெரியப்பா தாறார் எண்டு திரேசாவுக்கு விலையோடை சொல்லியாச்சு."