நேரில் வந்து கமெண்ட் போடுகிறவர்

போன் வைத்திருப்பவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அதில் வரும் பதிவுகளுக்கெல்லாம் நேரிலேயே போய்ப் பதில் சொல்லும் ஒரே மனிதர் எங்கள் திருக்காட்டுப்பள்ளி கமெண்ட் அண்ணன்தான்.

அவர் லைக் போடமாட்டார். மொபெட்டில் வீட்டுக்கு வந்து, "படம் நல்லாருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"எழவுக்குப் போன்லயா போயிட்டு வர்றோம்? நல்லதுக்கு மட்டும் என்னங்க?"

முகநூலில் சேர்ந்தபோது பிறந்தநாள் கேட்ட இடத்தில் ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டிருந்தேன். அந்தத் தேதியில் விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் அசோகா அல்வாவோடு வாசலில் நிற்கிறார். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க பொறந்தநாளு ஆவணியிலதானே வரும்?"

நான் அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இணையத்தில் நான் பொய்த் தகவல் தருவதில்லை.

இன்னொரு முறை, எந்த அரிசி ருசி என்று திருவிடைமருதூர்க்காரர் ஒருவரோடு முகநூலில் எனக்குச் சண்டை. "தைரியம் இருந்தா நேர்ல வா" என்று எழுதினார். நான் சத்தமில்லாமல் அவரை பிளாக் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அண்ணன் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார்.

"கூப்புட்டிருக்காரு, நீங்க போவல. மரியாதையா இருக்காதேன்னு நான் போயிட்டு வந்தேன். தங்கமான மனுசன். சாப்புட வச்சுத்தான் அனுப்புனாரு. போட்டோல இருக்குற மீசைதான் நேர்ல இல்ல."

நான் அசந்து போனேன்.

ஒரு வருஷம் தை மாதத்தில், அறுவடைக்கு நின்ற என் சம்பா நெல் வயலில் மழை புகுந்தது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. அந்த நெல் போனால் மகளின் கல்லூரிப் படிப்பு அவ்வளவுதான். நானோ வரப்பில் நின்று படம் எடுத்து, 'இயற்கையிடம் தோற்றேன்' என்று எங்கள் ஊர் குரூப்பில் போட்டேன். அழுகிற முகங்களாக வந்து குவிந்தன. நெல் முளைவிட்டு வீணாகக் காத்திருந்தது. நான் யார் யார் அழுதார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மொபெட் சத்தம். அண்ணன் பின்னால் ஒரு படையே, அரிவாளும் மண்வெட்டியுமாக.

"யாருண்ணே இவங்கள்லாம்?"

"அழுவுற மூஞ்சி போட்டவங்க. இங்கேருந்து அழுதா எப்புடி, வந்து ஒரு கை குடுங்கன்னு வீடு வீடாப் போயி கூட்டியாந்தேன்."

எல்லோரும் வாய்க்காலில் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடியத் தொடங்கியது. நெல் தப்பித்தது. இப்படியும் ஒரு மனிதரா என்று சேற்றில் நின்றபடி அவரையே பார்த்தேன்.

போன மாதம் கமெண்ட் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று குரூப்பில் செய்தி வந்தது. 'விரைவில் குணமாகுக' என்று பாதி தட்டிவிட்டேன். பிறகு போனை மேஜையிலேயே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

போனால், நலம் விசாரிக்க வந்த கூட்டத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.