கோல்ஃப் மைதானத்தில் அப்பா

நல்ல நிலத்தில் மெனக்கெட்டுப் பள்ளம் தோண்டி, அதில் மணலைக் கொட்டி, பிறகு அதற்குள்ளேயே போய் விழுந்துவிட்டு வருத்தப்படுகிற ஆட்டத்துக்கு கோல்ஃப் என்று பெயர். என் வாழ்நாளில் அதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். அதுவும் முழுசாக ஆடவில்லை. அதற்குள் என் பெயர் கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் பரவிவிட்டது. (நல்ல விதமாக இல்லை.)

எழுபதுகளின் கடைசி அது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்த அப்பா, ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எஸ்டேட்டில் ஒருவர் செத்தால் ஒழுங்காக அழக்கூட முடியாது. அழுகைக்கு முன்னால் வீட்டுக் கவலை வந்து நிற்கும். வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட் வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. அம்மா இளைப்பு நோயால் கொழுந்து பறிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். தங்கச்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தவன் நான். ஆபீசில் தற்காலிகமாக உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கே சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை ஒன்று காலியாக இருந்தது. அது எனக்குக் கிடைத்தால் வீடு தங்கும், இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். யாருக்கு வேலை என்று முடிவு செய்ய வேண்டியவர் எஸ்டேட் மேனேஜரான துரை.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் துரை ஈப்போவிலிருந்து வந்த தமிழர். வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா, நாய், கோல்ஃப் மூன்றையும் சேதாரமில்லாமல் காப்பாற்றி வந்தவர். பிரிஞ்சாங் போகும் ரோட்டோரம் இருக்கும் மைதானத்தில் மணல் பள்ளங்கள் சரியான இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல, கோலாலம்பூரிலிருந்து அவருடைய சீன நண்பர் ஒருவர் வந்திருந்தார். கூட ஆட வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். துரை என் மேசைக்கு வந்தார்.

"பள்ளிக்கூடத்துல ஹாக்கி ஆடுனியாமே? கட்டையைப் பிடிக்கத் தெரிஞ்சா போதும்லா. நாளைக்கு வா."

அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணக் களை. தங்கச்சி என் பழைய கேன்வாஸ் சப்பாத்துக்கு சுண்ணாம்புக் கட்டி தேய்த்து வெளுப்பாக்கினாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, கோல்ஃபுக்குப் பொறுப்பான தெய்வம் எது என்று தெரியாமல் எல்லாரையும் வேண்டிக்கொண்டாள்.

மைதானம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் பசும்புல், குறுக்கே ஓடை, அங்கங்கே வெள்ளை மணல். கோலாலம்பூர்க்காரர் ஒவ்வொரு பள்ளத்தின் முன்னாலும் நின்று, இது இங்கே எதற்கு இருக்கிறது என்று எங்களைக் கேட்பார். துரை ஏதோ இங்கிலீஷில் நீளமாகச் சொல்வார். என்னைக் கேட்டபோது, மழைத் தண்ணீர் தேங்கத் தோண்டி, பிறகு மறந்துபோய் மணலால் மூடியிருப்பார்கள் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். கிராணி வேலை பாதி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு ஹோலில் நின்று அவரே விளக்கினார். குழியில் நட்டிருக்கும் கொடிக்குப் போக அங்கே இரண்டு வழி. வலது பக்கம் சுற்றிக்கொண்டு போனால் ஒரு தடவை கூடுதலாக அடிக்க வேண்டும், ஆனால் ஆபத்தில்லை. நேராக அடித்தால் சுருக்கமாகப் போய்விடலாம், ஆனால் நடுவில் ஆள் உயரப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. மட்டமாக ஆடுகிறவன் பந்து அதுவரை போகவே போகாது, நன்றாக ஆடுகிறவன் தாண்டிவிடுவான். தன்னால் முடியும் என்று நினைத்துக்கொள்கிறவனுக்காகத்தான் இதைத் தோண்டியிருக்கிறார்கள், அருமையான வேலை என்றார்.

வலது பக்கம் அடிப்பவனுக்குத் துரை வேலை கொடுப்பாரா? தைரியசாலிக்கு அல்லவா கொடுப்பார்! ஹாக்கியில் பெனால்டி அடிப்பதுபோல நேராக ஓங்கி விட்டேன். பந்து, பள்ளத்தை யாருக்காகத் தோண்டினார்களோ அவனுடையதுதான் தான் என்று அடையாளம் கண்டுகொண்டு, அதன் நடுவில் போய் உட்கார்ந்தது.

பள்ளத்தின் விளிம்பில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். ஏன் கழற்றினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. வாரி வாரி அடித்தேன். மணல் என் வாய்க்குள் வந்தது, பந்து வரவில்லை. கடைசியில் அது எப்படியோ வெளியே தெறித்தபோது, பள்ளம் காட்டுப் பன்றி புகுந்த மரவள்ளித் தோட்டமாகக் கிடந்தது. மணலைச் சரி பண்ணிவிட்டு வா என்று மேலேயிருந்து துரை சொன்னார். அது அந்த ஆட்டத்தில் மரியாதையாம். கலைத்தவன் வாரியால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் வர வேண்டும். வாரியைச் சுற்றுமுற்றும் தேடினேன், இல்லை. மண்டியிட்டுக் கையாலேயே செய்ய ஆரம்பித்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாவை எஸ்டேட் சுடுகாட்டில்தான் புதைத்திருந்தோம். (நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அங்கே யாரையும் சுடுவதில்லை.) சரிவான இடம், செம்மண். கேமரன் மலை மழையைக் கேட்கவா வேண்டும்? போட்ட மேடு ஒரு வாரத்தில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். வாரா வாரம் நான் போய் மண்ணை அள்ளிக் குவித்து, தட்டித் தட்டி மேடு கட்டிவிட்டு வருவேன். கருமாதி முடிந்து இரண்டு மாதமாகியும் அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த வேலை. மண்ணில் கை வைத்தால் என் கைக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது என் முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு மேடு இருந்தது. ஓரமெல்லாம் தட்டி, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, நேர்த்தியாக வந்திருந்தது. பள்ளத்துக்கு மேலே கோலாலம்பூர்க்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

துரை மெதுவாகக் கேட்டார். "யாருடா?"

"அப்பா, தொரை."

அவ்வளவுதான் சொன்னேன். சாவு வீட்டில் மூத்த மகன் என்று அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அந்த அயல் மணலில் கொட்டியது. பின்னால் ஆட வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு வலது பக்க வழியாகப் போனார்கள்.

இவ்வளவு பார்த்தபிறகு துரை மனசு இளகி வேலையைக் கொடுத்திருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மனசு நன்றாகவே இளகியது. மறுநாள் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, "உனக்கு மனசு இன்னும் ஆறலப்பா. இப்ப போயி பொறுப்பைத் தலையில கட்டுனா பாவம்" என்று சொல்லி, வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட எங்களால் முடியவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது இதுதான்:

"தலைமாட்ட எந்தப் பக்கம் வச்ச?"

"தெக்கால."

"அப்ப சரி" என்று எழுந்து, சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். ரிங்லெட்டில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். எனக்கு லோரியில் கிளீனர் வேலை கிடைத்தது. அந்த லயத்து வீட்டு வாசலை நினைத்து நான் ரொம்ப நாள் ஏங்கியிருக்கிறேன். தங்கச்சி மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அப்பாவை அண்ணன் இரண்டு இடத்தில் புதைத்திருக்கிறான் என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சுடுகாட்டுச் சரிவு அப்படியே பெயர்ந்து பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. அப்பாவின் மேடு இருந்த இடத்தில் வெறும் ஆகாயம் தெரிந்தது. அந்த வருஷ நினைவு நாளுக்குப் பாலும் பூவும் வாங்கிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணன் பொதச்ச எடந்தான் இன்னும் இருக்கே" என்றாள் தங்கச்சி, வழக்கமான கேலியாகத்தான். அம்மா சிரிக்கவில்லை. பால் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மைதானத்துக்குள் யார் விடுவார்கள்? ரோட்டோர வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, புல்லில் பாலை ஊற்றிக் கும்பிட்டோம். அதிலிருந்து வருஷா வருஷம் அங்கேதான். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தாத்தா எங்கே என்று கேட்டால், பிரிஞ்சாங்கில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பதில். குடும்பமே சிரிக்கும்.

முதல் தடவை போனபோது அந்தப் பள்ளத்துக்குள் யாரோ ஒரு பெரிய மனுஷர் பந்தோடு போராடிக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பந்தை வெளியேற்றியதும் வாரியை எடுத்து, தான் மிதித்த இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சமப்படுத்திவிட்டுப் போனார். அம்மா வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்க நீ ஒருத்தனா மழையில நனைஞ்சு அள்ளி அள்ளி வச்ச. இங்க பாரு, வர்றவன் போறவன் எல்லாம் உங்கப்பாவ நல்லா பாத்துக்கிறான்" என்றாள்.