கை சரியில்லை

ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்ரியறிங் போதும், அதைப் பிடிக்க ஒரு ஆள் போதும், அந்த ஆள் தானாக மட்டுமே இருக்கவேண்டும் என்று வவுனியா குருமன்காட்டு லொறிக்கார ஐயாத்துரை தீர்மானித்திருந்தான். இன்று நேற்று எடுத்த தீர்மானமில்லை. தன் கலியாணத்தன்று மாப்பிள்ளைக் காரையே தான் ஓட்டிக்கொண்டு போனவன் அவன். காரோட்ட வந்தவனுக்கு கியர் மாற்றத் தெரியவில்லை என்று பின்சீட்டில் ஏற்றிவிட்டு, தலைப்பாகையோடு முன்னால் ஏறிக் குந்திவிட்டான். பொம்பிளை வீட்டார் பின்சீட்டுக்காரனுக்கு மாலையைப் போட்டு, காலையும் கழுவிவிட்டார்கள். பிழை தெரிந்து ஆளை மாற்றுவதற்குள் அந்தப் பாவி பலகாரமும் சாப்பிட்டுவிட்டான்.

பொம்பிளையாய் உள்ளே இருந்த சிவலட்சுமி ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'இந்த மனிசனிட்ட ஸ்ரியறிங்கைப் பறிச்சால் ஒழிய வேற வழியில்லை' என்று அப்போதே நினைத்திருப்பாள் என்பது என் கணிப்பு.

அவள் தையல்காரி. அவள் தைத்த சட்டையைப் போட்டால் கூனல் விழுந்தவனும் நிமிர்ந்து நடப்பான். பிள்ளைச் சட்டை, பாவாடை, தலையணை உறை என்று மூட்டை மூட்டையாகத் தைத்து அடுக்குவாள். செட்டிகுளம் சந்தையில் அதற்கு அடிபிடி. ஆனால் மூட்டை அங்கே போய்ச் சேரவேண்டுமே! புருசனைக் கேட்டால் "நாளைக்கு" என்பான். நாளைக்குக் கேட்டால் "நாளையிண்டைக்கு" என்பான். ஒருவழியாக அவனுடைய குட்டி லொறி வெளிக்கிட்டுப் போய்ச் சேரும்போது சந்தையில் மாடு மட்டும்தான் நிற்கும்.

"இஞ்சேருங்கோப்பா, லொறியை எனக்குப் பழக்கி விடுங்கோவன். நானே கொண்டுபோறன்."

"லொறியோ? அது என்ன உன்ர தையல் மெசினே, மிதிச்ச உடனே ஓட?"

"தையல் மெசின் மிதிச்ச உடனே ஓடாது. முதல் கையால சில்லைச் சுத்திவிட வேணும். உங்கட லொறிக்கு அதுவும் காணாது. நாலு பேர் பின்னால நிண்டு தள்ள வேணும்."

ஐயாத்துரை லொறியைக் கிளப்புகிற திறப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுவிஸில் இருந்து சிவலட்சுமியின் தம்பி யோகலிங்கம் வந்துபோனான். போகும்போது ரிவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றை அக்காவுக்கு விட்டுவிட்டுப் போனான். கார் ஓட்டப் போட்டி. ரிவி இரண்டாகப் பிரியும். மேல்பாதியில் ஒருவர் கார், கீழ்ப்பாதியில் மற்றவர் கார். ஆளுக்கொரு பிடி வேண்டும், பொத்தான்கள் வைத்தது. வவுனியாக் கடைத்தெருவில் அதற்குப் பெயர் 'கை'. பெட்டியோடு வந்தது ஒரு கைதான். மற்றது பயணத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

சிவலட்சுமி அந்த ஒற்றைக் கையை வைத்து ஒரு கிழமை தனியே ஓடினாள். ஐயாத்துரை கதிரையில் சாய்ந்திருந்து சிரித்தான். சிரித்த வாயால் பந்தயமும் கட்டினான்.

"இதில என்னை ஒருக்கா வெண்டு காட்டு. வெண்டால் லொறி பழக்கிறன். தோத்தால் இனி வாயே திறக்கக்கூடாது."

"சொன்ன சொல் மாறமாட்டியளே?"

"பதினைஞ்சு வருசமா ஸ்ரியறிங் பிடிக்கிறன். உன்னோட ஒரு கை பாக்கமாட்டனே?"

"பாக்கலாம். முதல் அந்தக் கையை வாங்கிக்கொண்டு வாங்கோ."

கடைத்தெருவில் ஹமீட் நானாவின் றேடியோக் கடைக்குப் போனான் ஐயாத்துரை.

"கொம்பனிக் கை இருக்கு அண்ணே. விலையைக் கேட்டா உங்கட சொந்தக் கை நடுங்கும்," என்றார் ஹமீட் நானா. "மலிஞ்ச கையும் இருக்கு. கொம்பனிப் பேரில ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வாசிச்சா எல்லாம் ஒண்டுதான்."

ஐயாத்துரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஆகப் பாரமானதை எடுத்தான். பாரமென்றால் நல்ல சாமான். லொறிக்காரன் வேறெப்படி யோசிப்பான்?

அன்று பின்னேரம் போட்டி. நன்றாகத்தான் ஓடினான். பாதி வழியில் றோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய தோரண வளைவு வந்தது. அதில் சிவப்பு எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அதற்குக் கிட்டப் போனதும் ஐயாத்துரையின் கார் வேகம் குறைந்து, முக்கி முனகி, நின்றேவிட்டது. கீழ்ப்பாதியில் சிவலட்சுமி பறந்துபோனாள்.

"என்னப்பா நிண்டிட்டியள்?"

"நானோ? நான் நிக்கேல்லை. கை நிக்குது. இந்தக் கை சரியில்லை. இது போட்டியே இல்லை!"

சிவலட்சுமி ரிவியைப் பார்த்தாள். புருசனின் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் போகிறாளே என்று ஐயாத்துரை அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். அவனோ சந்தோசப்பட்டான். ஏனென்றால் அந்தக் கணத்தில் அவனுடைய மண்டையில் ஒரு பெரிய தந்திரம் உதித்துவிட்டது. கை சரியில்லாத வரைக்கும் போட்டி செல்லாது. போட்டி செல்லாத வரைக்கும் லொறித் திறப்பு இடுப்பை விட்டு இறங்காது. ஆகவே இனி வாங்குகிற கையெல்லாம் உதவாத கையாகவே இருக்கவேண்டும்!

"நானா, உங்கட கடையில இருக்கிறதுக்குள்ள ஆகக் கூடாத கையை எடுங்கோ," என்றான் அடுத்த முறை.

ஹமீட் நானா வியாபாரத்தில் கரைகண்டவர். அவருக்கே இது புதுசு. நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். அந்தக் கையில் இடப்பக்கப் பொத்தான் அமர்ந்தால் பிறகு எழும்பாது. ஐயாத்துரையின் கார் தேர் மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "கை சரியில்லை!" அதற்கடுத்த கைக்கு வயர் ஒரு முழம்தான். ரிவிக் கண்ணாடியில் மூக்கு முட்ட இருந்து ஓடினான். "கை சரியில்லை!" இன்னொன்று மழைக்காலத்தில் மட்டும்தான் வேலை செய்யுமாம். நான் சொல்லவில்லை, அவனே சொன்னது. அது நல்ல பங்குனி வெயில் காலம்.

ஒருநாள் சிவலட்சுமி தையல் மெசினை மூடிவைத்தாள். "வெளிக்கிடுங்கோ. கை வாங்கப் போவம்," என்றாள்.

"உனக்கென்ன தெரியும் கையைப் பற்றி?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர கையாலதானே சாப்பிடுறியள். வாங்கோ."

கடையில் அவள் செய்ததை ஹமீட் நானா இன்றைக்கும் வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவார். மலிந்த கைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னாள். முதலில் அந்தப் பாரமான கை மாதிரி ஒன்றைக் காதோடு வைத்துக் குலுக்கினாள்.

"நானா, இதுக்குள்ள என்ன உருளுது?"

ஹமீட் நானா கழற்றிப் பார்த்தார். பாரத்துக்கென்று உள்ளே ஒரு இரும்புத் துண்டை ஒட்டியிருந்தான் செய்தவன்!

"யா அல்லாஹ்! நானே இதை ஒருநாளும் கழட்டிப் பாக்கல்லியே தங்கச்சி!"

"பாரத்தைப் பாத்து வாங்குற ஆக்களுக்காகச் செய்தது நானா," என்றாள், புருசன் பக்கம் திரும்பாமலே.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அமத்தினாள். அமத்தினால் அமரவும் வேண்டும், விட்ட உடனே எழும்பவும் வேண்டும். அடியில் இருக்கிற றப்பர் கல்லுமாதிரி இருந்தால் கிழமைக்குள் வெடிக்கும், களிமாதிரி இருந்தால் ஒட்டும். திசைப் பொத்தானை மூலைக்குச் சாய்த்துப் பார்த்தாள். சாய்வில் வழுக்கினால் வளைவில் காலை வாரும். வயர் உடம்புக்குள் நுழைகிற இடத்தை, சட்டையில் கை பொருத்தித் தைத்த இடத்தைப் பார்ப்பதுபோல் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு மண்ணிறக் கையை எடுத்தாள். அதில் கொம்பனிப் பேரே இல்லை. பூப்போட்ட ஒரு ஸ்ரிக்கர் மட்டும்.

"பேர் போடாதவன் கள்ளப் பேரும் போடேல்லை. இவன் கொஞ்சம் வெக்கம் உள்ளவன். இதைத் தாங்கோ."

"தங்கச்சி, நீங்க இந்தக் கடைக்கு வேலைக்கு வாறீங்களா?" என்று கேட்டார் ஹமீட் நானா. பகிடிக்கில்லை, உண்மையாகவே.

வீட்டில் பூட்டிப் பார்த்தார்கள். தங்கமான கை. ஐயாத்துரை போட்டி தொடங்குவதற்கு முன்பே எழும்பி நின்றான்.

"இஞ்சேர், கை நல்லதுதான். ஆனால் நான் டிரைவர். டிரைவர் பொத்தான் அமத்துறவனோ? எனக்கு ஸ்ரியறிங் வேணும். ஸ்ரியறிங் வைச்சுத்தான் போட்டி."

இந்தப் பெட்டிக்குப் பூட்டுகிற ஸ்ரியறிங்கை வவுனியாவில் ஒருவரும் கண்டதில்லை என்று அவனுக்குத் தெரியும். சண்டைக் காலம், கொழும்பில் இருந்து வரவேண்டும். பாதை திறக்கவேண்டும், ஆமியிடம் பாஸ் எடுக்கவேண்டும், பெட்டியைப் பிரித்துச் சோதிக்கவேண்டும். அதற்குள் தனக்கு நரைத்துவிடும்!

சிவலட்சுமி அறைக்குள் போனாள். அலுமாரியைத் திறந்தாள். ஸ்ரியறிங்கோடு வந்தாள்.

"இது எப்பிடி!"

"எப்பிடியும் ஸ்ரியறிங் கேப்பியள் எண்டு தெரியும். போன மாதமே நானாவிட்டச் சொல்லிக் கொழும்பால எடுப்பிச்சு வைச்சனான்."

மலிந்த ஸ்ரியறிங்தான். ஆனால் அவள் தெரிந்தெடுத்தது. மேசையில் இறுக்குகிற ஆணி தேயாதது. சுற்றிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்புவது. கீழே கால்மிதி இரண்டு. அதைத் தையல் மெசின் மேசையிலேயே பூட்டினாள். விசயம் தெரிந்து ஹமீட் நானா கடையை அரைவாசியில் சாத்திவிட்டு வந்து கதிரை இழுத்துப் போட்டுக் குந்திவிட்டார்.

ஐயாத்துரை கீழே குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அச்சிலேற்றர் கிடக்கு, பிறேக் கிடக்கு. கிளச் எங்கை? கிளச் இல்லாத வாகனத்தை நான் ஓடுறதில்லை!"

சிவலட்சுமி குசினிக்குள் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்து அவனுடைய இடது காலுக்குக் கீழே கவிழ்த்து வைத்தாள்.

"இந்தாங்கோ கிளச். வடிவா மிதியுங்கோ."

ஹமீட் நானா சிரித்த சிரிப்பில் கதிரையின் ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது. இனித் தப்பிக்கச் சொல்ல ஒரு சாட்டும் மிச்சமில்லை. போட்டி தொடங்கியது.

உண்மையைச் சொல்லவேண்டும். ஸ்ரியறிங் கைக்கு வந்ததும் ஐயாத்துரை வேறு ஆள். சிரட்டையை மிதித்து மிதித்து, வளைவுகளை அள்ளி எடுத்தான். சிவலட்சுமியின் கார் பின்னால் புள்ளியாகிவிட்டது. "பாத்தியே, பாத்தியே!" என்று கத்தினான். முன்னால் அந்தச் சிவப்பு எழுத்து வளைவு வந்தது. கார் மெல்லமாயிற்று. இன்னும் மெல்லமாயிற்று. நின்றது. ஐயாத்துரையின் இடது கை ஸ்ரியறிங்கை விட்டுத் தானாகவே எழும்பிச் சட்டைப் பைக்குள் போய், அடையாள அட்டையை எடுத்து ரிவிக்கு முன்னால் நீட்டியது.

அவனைக் கடந்து ஒரு கார் 'விர்' என்று போனது. அது சிவலட்சுமியின் கார்.

"அப்பா," என்றாள் அவள், பொத்தானில் இருந்து விரலை எடுத்துவிட்டு. "அதில என்ன எழுதிக் கிடக்கு?"

ஐயாத்துரைக்குச் சரளமாக வாசிக்க வருகிற இங்கிலீசு அது ஒன்றுதான். "செக் பொயின்ற்," என்றான்.

"அது ஓடுறதுக்கு ரைம் கூட்டித் தாற செக் பொயின்ற் அப்பா. பாஸ் கேக்கிற செக் பொயின்ற் இல்லை. நிக்காமல் போகவேணும்."

"நிக்காமல் போனால் சுடமாட்டாங்களே?"

"ரிவிக்குள்ள இருந்தோ?"

ஹமீட் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து வருசம் அந்த எழுத்தைக் கண்ட ஆமித் தடையிலெல்லாம் நின்ற கால் அது. அதற்கு ரிவி எது, றோட்டு எது என்று எப்படித் தெரியும்?

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. உங்கட கட்டைவிரல் பிறேக்கை அமத்தினதைக் கண்டனான்."

"அப்ப ஏன் இவ்வளவு கையும் வாங்க விட்டனீ?"

"கை சரியில்லை எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல நான் 'ஆள்தான் பிழை' எண்டால் கேப்பியளே? எல்லாக் கையும் சரியான பிறகுதான் கேப்பியள். இந்தாங்கோ, சரியாயிட்டுது." அவள் உள்ளங்கையை நீட்டினாள். "திறப்பு."

ஐயாத்துரை இடுப்பில் இருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தான்.

பழக்குகிறபோது அவளை ஒருதரமாவது பயப்படுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தான். அதுவும் வாய்க்கவில்லை. அவன் தூரப் பயணம் போன நாட்களிலெல்லாம் அவள் அலுமாரிக்குள் இருந்த அந்த ஸ்ரியறிங்கிலேயே பழகியிருக்கிறாள். சிரட்டைக் கிளச்சும் அப்போது கண்டுபிடித்ததுதான். வளைவு எடுத்தாளென்றால் கழுத்துப்பட்டி தைத்ததுமாதிரி, ஒரு சுருக்கம் விழாது. அவளுடைய கைக்கு அந்தக் கிழட்டு லொறியே ஒரு தள்ளில் இயங்கப் பழகிவிட்டது. லைசென்ஸும் எடுத்தாள்.

முதல் சந்தை நாள். பின்னால் உடுப்பு மூட்டைகள். ஸ்ரியறிங்கில் சிவலட்சுமி. இடப்பக்கத்தில் ஐயாத்துரை. 'செக் பொயின்ற்றுக்கு வரட்டும்,' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தான் அவன். 'ரிவியில பறந்தமாதிரி இஞ்சையும் பறப்பா. அப்ப தெரியும், நிக்கத் தெரிஞ்சவன்தான் டிரைவர் எண்டு.'

செட்டிகுளம் றோட்டில் செக் பொயின்ற் வந்தது. சிவலட்சுமி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, தடைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், மடியில் பிள்ளை நித்திரையென்றால்கூட எழும்பாத மாதிரி நிற்பாட்டினாள்.

அந்தக் காலத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியும். டிரைவர் மட்டும் வாகனத்தோடு போகலாம். மற்ற எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று, நடந்துதான் கடக்கவேண்டும். பதினைந்து வருசத்தில் ஐயாத்துரை ஒருநாளும் நடந்ததில்லை.

ஆமிக்காரன் வந்தான். ஸ்ரியறிங்கைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்தவளைப் பார்த்தான். சந்தோசமாகத் தலையாட்டினான். பிறகு இந்தப் பக்கம் வந்து கதவில் தட்டினான்.

"டிரைவர் போங்க. கிளீனர், நீ எறங்கி நட."

ஐயாத்துரை பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். 'இவர் என்ர மனிசன், விடுங்கோ' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். சிவலட்சுமி கியரைப் போட்டாள்.

"கெதியா இறங்குங்கோப்பா, ரைம் போகுது."